அண்ணன் வேஷம் கட்டிய தம்பி

ஊரில் எல்லோரும் அவரை ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். உண்மையில் அவர் அந்த வீட்டின் கடைக்குட்டி. அவருக்கும் கீழே என்று பார்த்தால் ஒரு நாய் மட்டும்தான் இருந்தது. அதற்கும் அவருக்கு முன்னாலேயே சோறு வைத்துவிடுவார்கள்.

‘அண்ணன்’ கூத்தில் வந்த பெயர். கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் ஏரிப் பக்கமாக நடந்தால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. ஆடி மாதத்தில் ஏரிக்கரை அம்மனுக்குக் கூத்து விடுவோம். வருஷா வருஷம் ஒரே கதைதான். அண்ணன் ராஜா ஏரி மதகைப் பிடித்து வைத்துக்கொண்டு தம்பி ராஜாவின் வயலுக்குத் தண்ணீர் விடமாட்டான். தம்பியைச் சபையில் நிறுத்தி அடிப்பான், எடுபிடி வேலை வாங்குவான், அழவைத்து வேடிக்கை பார்ப்பான். கடைசியில் தம்பி மதகைத் திறந்துவிடுவான். வெயில் முளைக்கிற நேரத்தில் அண்ணன் மண்ணில் விழுந்து சாவான். அண்ணன் நன்றாக விழுந்தால் ஏரி நிரம்பும் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த அண்ணன் வேஷம் இவருக்கு.

நான் கட்டியங்காரன். திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற ராஜாவை ‘யாரய்யா நீ, எந்த ஊரு’ என்று கேட்டு, நடுநடுவே ஊர்வம்பைச் சொருகிச் சிரிக்க வைப்பது என் வேலை. தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வயிறு கலங்கும், எனக்கு வாய் கலங்கும். கூட்டம் சிரிக்காமல் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து விழும். அதைத்தான் ஊர் நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அவருடைய வேஷத்தில் ஒரு இடம் உண்டு. சனம் அதற்காகவே தூக்கத்தை விட்டுக் காத்திருக்கும். அண்ணன் ராஜா தம்பியைக் கிட்டே கூப்பிடுவான். மேல்துண்டை எடுத்து நிதானமாக நாலாக மடித்து இடது தோளில் போடுவான். ஒருதரம் செருமுவான். பிறகு தம்பியின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே, சர்க்கரையாக ஒரு குரலில், “வலிக்குதா?” என்பான். வலிக்குது என்றால், “ஆம்பளைக்கு வலிக்கலாமா?” என்று இன்னொன்று. வலிக்கவில்லை என்றால், “அப்போ சரியா படல” என்று இன்னொன்று. பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவரவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் எங்கே பிடித்தார் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. ஒருதரம் ஒத்திகைக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீடு. மூத்தவரைப் பெரியவர் என்று சொல்லிவிடுகிறேன். நெல்லும் கரும்புமாக நிலபுலன் உள்ளவர், வெளியில் நாலுபேர் மதிக்கிற மனுஷர். நான் போன நேரம் பெரியவர் துண்டை நாலாக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டிருந்தார். செருமினார். நாற்பது வயசுத் தம்பி குனிந்து காதைக் கொடுத்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. “வைக்கோல் கடன் கேக்க வந்தேனுங்க” என்றேன். என்னிடம் மாடே கிடையாது. பெரியவருக்கு அது தெரியும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் ஒரு கட்டு வைக்கோலைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்தேன்.

தம்பியும் பின்னாலேயே வந்தார். காது செக்கச்செவேல் என்றிருந்தது.

“பாத்துட்டியாப்பா?”

“நான் ஒண்ணும் பாக்கலண்ணே. கண்ணுல வைக்கோல் பூந்துடுச்சி.”

“அட, பாத்தா இன்னா? நல்லா பாத்தியா? துண்டு எந்தத் தோள்ல போட்டாரு? நான் மாத்திப் போடறேனோன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.”

அதுதான் அவர். வாங்கிய அடியைப் பற்றி அவருக்கு ஒரு முணுமுணுப்பு கிடையாது. அதை மாற்றாமல் மறக்காமல் வைத்திருக்கிறோமா என்பது ஒன்றுதான் கவலை. “அடிக்கிறவனுக்கு ஞாபகம் இருக்காதுப்பா. வாங்கினவன்கிட்டதான் பத்திரமா இருக்கும்” என்பார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவைத்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி.

“இத்தினி வருஷம் எதுக்கண்ணே அந்த வூட்லயே கெடக்கறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்கம்மா செத்தப்போ எனக்குப் பால்கூட மறக்கல. என்னை முதுவுல கட்டிகினு ஏர் ஓட்டினவரு அவரு. எனக்கு வேற யாரு கீறாங்க?” என்றார். கல்யாணமும் ஆகவில்லை. அண்ணன் பார்த்து முடிப்பார் என்று காத்திருந்து, இரண்டு பேருமே அந்தப் பேச்சை மறந்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. கடலூர்ப் பக்கம் கூத்துக்குப் போகும்போது இங்கிலீஷ்காரன் எல்லையில் ஒரு சுங்கச் சாவடி. எங்கள் வேஷப்பெட்டியைப் பார்த்ததும் காவல்காரன் நிறுத்தினான். “உள்ள இன்னா?” என்றான். கிரீடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் நடுங்கிப்போய், “ராஜாவோட தலைங்க” என்று தொலைத்தேன். பெட்டி முழுவதும் தரையில் கொட்டப்பட்டது. கொட்டுவதில் நிதானமாக இருந்த இளைய காவல்காரன் முதுகில் மூத்தவன் ஒரு அறை விட்டான்.

நான் அம்மனை வேண்டிக்கொண்டிருக்க, இவர் அந்த இளையவனிடம் போய், “இவரு உங்க அண்ணனா தம்பி?” என்று கேட்டார்.

அவன் விழித்தான். “ஆமா. யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. வேத்து ஆளு அடிச்சா கை ஒடனே திரும்பிடும். சொந்தம் அடிச்சாதான் கை கொஞ்ச நேரம் அங்கயே தங்கும்.”

மூத்தவன் இதைக் கேட்டுவிட்டான். கிரீடத்தை அவனே எடுத்துப் பெட்டியில் வைத்தான். எல்லை தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அதுவும் பெட்டி சுமந்தவனைத் திட்டுவதற்காக வந்தது.

ஒருநாள் என் மூத்த மகள் தன் தம்பியின் காதைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதா?” என்று கேட்பதைப் பார்த்தேன். பாவாடை சட்டைமேல் போட்டிருந்த துண்டு இடது தோளில் மடிப்புக் குலையாமல் இருந்தது. தெருவில் விசாரித்தால் எல்லா வீட்டிலும் அதே கதைதான். மூத்த பிள்ளைகளெல்லாம் கூத்திலிருந்து கற்றுக்கொண்டு வந்து சின்னதுகளிடம் பழகிக்கொண்டிருந்தன. சின்னதுகளுக்குச் செருமல் சத்தம் கேட்டாலே காதுக்குக் கை போனது. சிரிக்க வைத்தவன் நான். என் பங்கு இதில் எவ்வளவு என்று யோசிக்கப் போய், பயந்து, அவரிடம் வேடிக்கையாகச் சொன்னேன்: “அண்ணே, ஊர்ல உங்க வாரிசு பெருகிப்போச்சு.”

அவர் சிரிக்கவில்லை. “கெட்டதுன்னு தெரியணும்னுதானே காட்டறேன்” என்றார். நேரே என் வீட்டுக்கு வந்தார். மகளைக் கூப்பிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து காதைக் காட்டினார். “திருகும்மா. உன்னால ஆனமட்டும்.” அவள் சிரித்துக்கொண்டே திருகினாள். “வலிக்குதா?” என்றாள். அவர் வலிக்குது என்றும் சொல்லவில்லை, வலிக்கல என்றும் சொல்லவில்லை. சும்மா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிப்பு போய்விட்டது. கையை எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அதன் பிறகு அவள் தம்பியைக் கையால் தொட்டதில்லை; வாயால்தான். அது என் வழி வந்தது.

எங்கள் கூத்தில் ஒரு முறை உண்டு. சூரியன் வரும்போது விழுகிற அண்ணன் ராஜா, விழுந்த இடத்திலேயே கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். கூடப்பிறந்தவர் ஒருவர் வந்து தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ‘எழுந்து வூட்டுக்கு வா’ என்று கூப்பிட வேண்டும். அப்போதுதான் வேஷத்தின் பாவம் மண்ணோடு போகும். ஊற்றாமல் எழுந்தால் அந்தப் பாவத்தோடு தன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. இவருக்குக் கூடப்பிறந்தவர் பெரியவர் ஒருவர்தான். பெரியவர் ஒருநாளும் கூத்துப் பார்த்ததில்லை. ‘கூத்தாவது மண்ணாங்கட்டியாவது’ என்பார். ஆனால் விடிந்ததும் செம்போடு வந்து, மடக்கென்று ஊற்றி, “எழுந்து வூட்டுக்கு வா, மாட்டுக்கு வைக்கோல் போடணும்” என்று கூட்டிப் போவார். அவர் பார்க்காததால்தான் இவரால் அத்தனை வருஷம் அவரையே ஆட முடிந்தது.

ஒரு வருஷம் பெரியவர் மேரியில் அங்கத்தினர் ஆனார். மேரி என்பது எங்கள் கொம்யூனின், பிரெஞ்சுக்காரன் வைத்த பஞ்சாயத்தின், ஆபீசு. அதில் உட்காருகிறவருக்கு ஊரில் தனி மதிப்பு. முறையாகப் போய் அழைத்தார்கள், அவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் ராஜா வருவது கிழக்கு வெளுக்கிற சமயத்தில்தான். அதுவரை தூங்கிவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டோம். மனுஷர் கொட்டாவிகூட விடவில்லை.

திரைக்குப் பின்னால், முகத்தில் சிவப்பு அரிதாரத்தோடு இவர் என் கையைப் பிடித்தார்.

“இன்னிக்கு காதைத் தொடமாட்டேன்பா. துண்டும் மடிக்கமாட்டேன். வெறும் அண்ணனா வந்து வெறும் அண்ணனா செத்துடறேன். நீ எதுவும் எடுத்துக் குடுக்காதே.”

“எனக்குப் பைத்தியமா அண்ணே?” என்றேன். சத்தியமும் பண்ணினேன்.

சொன்னபடியே வந்தார். வசனத்தைச் சொன்னார், சுற்றி வந்தார், தம்பியை நாலு வார்த்தை வைதார். உப்பில்லாத கஞ்சி. சனம் நெளிந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “காது இன்னாச்சு?” என்றது. இன்னொருவன், “துண்டைக் காணோம்டா, அடகு வச்சிட்டாரு” என்றான். பிறகு அதுவும் நின்றது. கூட்டம் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்த நாக்கு கடித்தபடியே பேசியது:

“இன்னா மகாராஜா, காது சும்மா கெடக்குதே? உங்க வூட்டுப் பெரியவரு முன்னால குந்திகினு கீறாருன்னு வெக்கமா?”

சிரிப்பு எழுந்தது. அத்தனை பெரிய சிரிப்பை நான் என் ஆயுளில் வாங்கியதில்லை. சிரித்தபடியே ஊர் முழுக்க நாற்காலியைத் திரும்பிப் பார்த்தது.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. காலை மிதித்துவிட்ட மாட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். இடது தோள். செருமல். அன்று ஆடியது போல அவர் என்றும் ஆடியதில்லை. தம்பி வேஷக்காரன் நிஜமாகவே அழுதான். நாற்காலியில் பெரியவரின் கை தன் தோளில் கிடந்த துண்டை நோக்கிப் போய், பாதியில் நின்று, கோட்டுப் பித்தானைத் திருகியது. அதையும் ஊர் பார்த்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

வெயில் முளைத்தது. அண்ணன் ராஜா விழுந்தார், அருமையாக விழுந்தார். பெரியவர் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

செம்பு எடுத்துவரப் போகிறார் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், வாய் வலிக்கச் சொன்னேன். சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அரிதாரம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, ஓடினேன்.

பெரியவர் மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

“அவன் காட்டினது என்னையா?” என்றார்.

“கூத்துதானுங்க ஐயா. எல்லாம் கட்டுக்கதை.”

“ஊரே என்னைப் பாத்துதே. நான் அப்படியாடா கேக்கறேன்?”

“சேச்சே. ஏதோ கொஞ்சம் சாயல்... இருட்டுல...” வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஞாபகமே இல்லியே” என்றார். பொய் இல்லை அது. அந்த முகத்தை நான் பார்த்தேன். தொலைத்த பொருளை மடியில் தேடுகிற முகம். தேடிக்கொண்டே துண்டை எடுத்து நாலாக மடித்து இடது தோளில் போட்டார். என் இரண்டு கையும் என் காதுக்குப் போய்விட்டன. அதைப் பார்த்துத்தான் அவர் தன் தோளைப் பார்த்தார். துண்டைப் பிடுங்கித் தொழுவத்தில் எறிந்தார்.

“அவரு கெடக்கறாருங்க ஐயா. வெயில் ஏறுது.”

“இப்ப போயி ஊத்தினா, ஆமா நான்தான்னு ஊர் முன்னால ஒத்துக்கிட்ட மாதிரி.”

“ஊத்தலன்னா அவரு வூட்டுக்கு வர முடியாதுங்களே.”

பெரியவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

திரும்பி வந்தேன். கண்ணைத் திறக்காமலே, “வராரா?” என்றார். “பின்னாலயே வராரு” என்றேன். உச்சிவேளை வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவரே எழுந்து உட்கார்ந்தார். கிரீடத்தைக் கழற்றிப் புழுதி தட்டினார்.

“பசிக்குதுப்பா. உன் வூட்டு வாசப்படிய மிதிக்கலாமான்னு உன் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேளு.”

கேட்டேன். “உள்ள வாங்கண்ணா” என்றாள் அவள். “பாவம் பண்ணது யாருன்னு ஊருக்கே தெரியும்.” சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

அவர் எங்கள் வீட்டில் தங்கினார். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. வைதால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துத் தப்பிக்கலாம். வையாத மனுஷரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் பிள்ளைகளோடு சாப்பிட்டார், கொல்லையில் பாத்தி கட்டினார், தெருவில் செருமல் கேட்டால் நிமிர்ந்து பார்த்தார். நான் கால் பிடிக்கிற மாதிரி ஒருநாள் பேச்செடுத்தேன்: “அண்ணே, நான் வேணும்னு...” அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “சனம் நல்லா சிரிச்சிதுல்ல?” என்றார். நிஜமாகத்தான் கேட்டார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன்.

லீவில் வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரனே ஆண்ட சைகோனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அங்கே காவல் வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்றார். இவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று, “பெரியவருகிட்ட சொல்லிட்டாவது போங்கண்ணே” என்றேன்.

“எந்த வாசல்ல நின்னுப்பா சொல்றது?” என்றார். என் மகன் தலையைத் தடவிவிட்டுப் புதுச்சேரி வண்டியில் ஏறினார். அப்புறம் சண்டை வந்தது, கப்பல் நின்றது, சேதியும் நின்றது.

அவர் கப்பல் ஏறிய மறுநாள் காலை பெரியவர் எங்கள் தெருவில் வந்தார். கோட்டு இல்லை, துண்டு இல்லை, வெற்றுத்தோள். கையில் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதந்தது. தெருவே கதவு திறந்து பார்த்தது. அதற்கு அவர் முகம் கொடுக்கவில்லை. என் வாசலில் வந்து நின்றார்.

“கூப்பிடு அவனை.”

எனக்கு வாய் வரவில்லை. என் மனைவிதான் முன்னால் வந்தாள். “நேத்தே கப்பல் ஏறிட்டாருங்க. சைகோனுக்கு.”

பெரியவர் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார், ஒளிந்து விளையாடுகிற பிள்ளையைத் தேடுவது போல.

“ஏண்டா,” என்றார் என்னிடம், “சைகோன் போய்ச் சேர எத்தினி நாளாவும்?”

“ரொம்ப நாளாவும்னு சொல்றாங்கய்யா.”

செம்புக்குள் குனிந்து பார்த்தார்.

“அதுவரைக்கும் இந்தத் தண்ணி கெடாம இருக்காதே” என்றார்.

பிறகு திரும்பி, ஒரு சொட்டும் தளும்பாமல், தெரு முழுக்கப் பார்க்க மெதுவாக அதைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார்.